எலிப்பத்தாயம் பார்த்துவிட்டு என் குறும்படத்தில் குறியீடு வைக்கப் பார்க்கிறேன், ஒட்டவே மாட்டேன் என்கிறது

ரப்பர்காட்டுப் பையன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் வருஷம். ஊர் கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். இந்த செமஸ்டருக்கு 8 நிமிஷத்துக்குள் ஒரு குறும்படம் கொடுக்க வேண்டும். ஒரு கிளாசிக் படத்தின் காட்சிமொழியைப் படித்து, அதன் பாதிப்பில் சொந்தக் கதை எடுக்க வேண்டும், காட்சியை அப்படியே காப்பி அடிக்கக் கூடாது என்பது நிபந்தனை.

நான் எடுத்துக்கொண்டது அடூர் கோபாலகிருஷ்ணனின் மலையாளப் படம் 'எலிப்பத்தாயம்' (1981). எலிப்பொறி என்று அர்த்தம். வகுப்பில் போட்டபோது பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். எனக்கு எங்கள் குடும்பத்து வீட்டையே பார்ப்பது போல இருந்தது. அதே ஓட்டு வீடு, அதே சாய்வு நாற்காலி, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் பெண்கள்.

என் கதை இதுதான். ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர். 2011-ல் ரப்பர் கிலோ 200 ரூபாய்க்கு மேல் போனதல்லவா, அந்த விலை திரும்ப வரும் வரை ஒரு ஷீட்கூட விற்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். பால் எடுப்பது, அதை உறையவைத்து ஷீட்டாக அடிப்பது, காயப்போடுவது எல்லாம் அவர் மனைவி. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் காசில்லை. கடைசியில் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிடுகிறார், மனைவி ஷீட்டை விற்கிறாள்.

இதில் வைத்திருக்கும் குறியீடுகள்: மகளுக்கு ஒரு கூண்டுக்கிளி. பெரியவருக்கு நின்றுபோன சுவர்க் கடிகாரம். அடூருக்கு மரியாதையாக ஓர் எலிப்பொறி, அலமாரி மேல். பழைய நினைவுகள் எல்லாம் செபியா நிறத்தில் (பழைய போட்டோ மாதிரிப் பழுப்பு). கைடு ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு "குறியீடு நிறைய இருக்குப்பா, படம் எங்கே?" என்று கேட்டுவிட்டார். எங்கே தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

லொக்கேஷன் என் பெரியப்பா வீடு. அதில் இன்னொரு தலைவலி: நடு அறையில் பாதிச் சுவர் உயரத்துக்கு ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருக்கிறார், வாடை வேறு. அதை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டால்தான் கேமரா வைக்க இடம் கிடைக்கும். (ஆமாம், கதை அவரைப் பற்றியதுதான். அவருக்குத் தெரியாது.) நண்பனிடம் ஒரு மிரர்லெஸ் கேமராவும் இரண்டு லென்ஸும் இருக்கின்றன. லைட் ஒன்றுகூட இல்லை. வழி சொல்லுங்கள்.

---

டென்ட்கொட்டாய் தாசன்:

கல்லூரிக் குறும்பட விழாக்களில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்தவன் நான். கூண்டுக்கிளி, நின்ற கடிகாரம், விரிசல் விட்ட கண்ணாடி, காற்றில் அணையும் விளக்கு. இந்த நாலும் ஒரே வேனில் ஏறி ஊர் ஊராகப் போய் நடித்துக்கொண்டிருக்கின்றன என்று நினைக்கிறேன். உன் படத்திலாவது லீவு கொடு தம்பி.

---

கண்ணாடி ஓடு:

ஆர்ட் டிபார்ட்மென்டில் உதவியாளராக இருந்து, இப்போது வகுப்பெடுக்கிறேன். பொருள் வாங்கி, பழசாக்கி, செட்டில் வைப்பதே வேலையாக இருந்தவள் என்பதால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது "இது குறியீடு" என்றால், இதைப் படத்தில் யார் தொடுகிறார்கள் என்று கேட்பேன். உன் கிளியை யார் தொடுகிறார்கள்? கடிகாரத்தை? யாருமில்லை. கேமரா மட்டும்தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. உன் கைடு கேட்டதும் இதைத்தான்.

கிளி விஷயத்தில் இன்னொன்று. பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஷூட்டிங்குக்கு என்று ஜோசியக்காரரிடம் இரவல் வாங்கினாலும் குற்றம்தான். ஆக அது போயிற்று.

இப்போது எலிப்பத்தாயத்துக்கு வருவோம். நீ அதில் எலிப்பொறியைப் பார்த்திருக்கிறாய், அதோடு செய்யும் வேலையைப் பார்க்கவில்லை. ராத்திரி எலி வந்ததென்று அந்த வீட்டுக் காரணவர் உண்ணி அலறுகிறான், பெண்கள் விளக்கோடு ஓடி வருகிறார்கள். மச்சில் கிடந்த பொறி கீழே இறங்குகிறது. எலி விழுகிறது. கடைசித் தங்கை ஸ்ரீதேவி அந்தப் பொறியைத் தூக்கிக்கொண்டு தோட்டம் வழியாகக் குளத்துக்குப் போய், தண்ணீரில் முக்குகிறாள். ஒரு தடவையோடு விடவில்லை, மறுபடியும் நடக்கிறது. வீட்டு வேலைகளில் அதுவும் ஒன்று, பாத்திரம் கழுவுவது போல. உண்ணி அதில் கை வைப்பதே இல்லை. மாடு தோட்டத்துக்குள் வந்தாலும் நின்ற இடத்திலிருந்து இன்னொரு சகோதரி ராஜம்மாவைத்தான் கூப்பிடுவான். கல்யாண வீட்டுக்குக் கிளம்பினவன் வழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதென்று திரும்பி வந்துவிடுவான்.

கடைசியில் ஊர்க்காரர்கள் ராத்திரி வீட்டுக்குள் புகுந்து அவனை இழுத்து, தூக்கிக்கொண்டு போய் அதே குளத்தில் போடுகிறார்கள். நமக்குத் தெரிந்த பாதை, தெரிந்த தண்ணீர். எத்தனை தடவை அந்த வழியில் போயிருக்கிறோம்! அதனால்தான் யாரும் வாயைத் திறந்து விளக்க வேண்டியதில்லை. பொறியை அலமாரி மேல் வைத்து ஒரு குளோசப் எடுத்திருந்தால் இது கிடைத்திருக்குமா? வீட்டிலிருந்து குளம் வரை நடந்த அந்த நடையில்தான் அர்த்தம் ஏறுகிறது.

அதனால் உன் ஸ்கிரிப்டில் திரும்பத் திரும்ப நடக்கும் வேலை எது என்று தேடு. தேடவே வேண்டாம், நீயே எழுதியிருக்கிறாய், "தலைவலி" என்று. அந்த ஷீட் அடுக்கு! அதை வெளியே எடுத்தால் உன் படம் அதோடு வெளியே போய்விடும். ஒரு மனிதர் 2011-ம் வருஷத்து விலைக்காகக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பு அறையை நிரப்பிக்கொண்டே வருகிறது. சாய்வு நாற்காலியை இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்துகிறார்கள், அப்புறம் இன்னும் கொஞ்சம். மகள் படிக்கும் மேஜை திண்ணைக்குப் போகிறது. பெரியவர் எழுந்து நடக்க ஓராள் அகலம்தான் மிச்சம். கடிகாரம் எதற்கு?

சேர்த்து வைத்த ஷீட்டுக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நன்றாகக் காயாமலோ புகை காட்டாமலோ அடுக்கினால் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும், விலை இறங்கும். மறுபடி எடுத்துத் துடைத்து வெயிலில் போட வேண்டும். இதை யார் செய்வாள்? அவர் மனைவி. ஈரத்துணியால் ஷீட்டைத் துடைத்து, கொடியில் போட்டு, மாலையில் மடக்கி உள்ளே கொண்டு வருவாள். இதை இரண்டு தடவை காட்டு. அப்புறம் பெரியவர் படுத்த பிறகு அதே பெண் அவர் முதுகை ஈரத்துணியால் துடைத்து, முற்றத்து வெயிலில் உட்கார வைக்கிறாள். உன் குளம் அதுதான்.

செபியாவும் வேண்டாம். எலிப்பத்தாயம் அடூரின் முதல் வண்ணப் படம். முதல் தடவையாகக் கலர் கையில் கிடைத்த மனிதர் அதை எங்கே செலவழித்தார் பார்: உடையில். ஸ்ரீதேவிக்குச் சிவப்பு, சாரதா நடித்த ராஜம்மாவுக்கு நீலம், பங்கு கேட்டு வரும் மூத்தவள் ஜானம்மாவுக்குப் பச்சை. மங்கட ரவிவர்மாவின் ஒளிப்பதிவில் அந்த இருட்டு வீட்டுக்குள் சிவப்பு மட்டும் துறுதுறுவென்று நடமாடுவதைக் கவனி. பிறகு அவள் வீட்டை விட்டே போய்விடுகிறாள், அந்த நிறமும் வீட்டிலிருந்து போய்விடுகிறது. இதற்குக் கிரேடிங் (எடுத்த பிறகு நிறத்தை மாற்றுவது) தேவைப்படவில்லை, துணிக்கடை போதுமாயிருந்தது.

உனக்கு அதுகூட வேண்டாம். உன் பொருளுக்கே நிறம் உண்டு. ரோலரிலிருந்து வந்த ஈர ஷீட் பால் வெள்ளை, வெளிச்சம் புகாது. காயக் காயத் தேன் நிறமாகி ஊடுருவ ஆரம்பிக்கும். காய்ந்த ஷீட்டை ஜன்னலில் தொங்கவிட்டு அதன் இந்தப் பக்கம் ஆளை உட்கார வை. உன் செபியா தானாக வரும், அதுவும் கதைக்குள்ளிருந்தே வரும். ஒயிட் பேலன்சை (எதை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்கிற கேமரா அமைப்பை) மட்டும் கையால் பூட்டி வை, ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த நிறத்தைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று அழித்துவிடும்.

பழைய ஓட்டு வீடு என்றால் கூரையில் எங்காவது ஒரு கண்ணாடி ஓடு இருக்குமே? அதுதான் உன் லைட். வெயில் வட்டம் தரையில் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆகையால் ஒரு காட்சியின் எல்லா ஷாட்டையும் அந்த வட்டம் இடம் மாறுமுன் முடித்துவிடு. இல்லையென்றால் எடிட்டிங்கில் ஒரே வசனத்துக்குள் காலையும் மதியமும் மாறி மாறி வரும். ஹாலஜன் லைட் வாடகைக்கு எடுத்து அந்த அறையில் வைக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடு. ரப்பர் பற்றினால் அணைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

---

பழைய எடிட்டர்:

மேலே சொன்ன "யார் தொடுகிறார்கள்" என்பதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) தொடக்கத்தைப் பாருங்கள். வேலையில்லாத மத்தியானம், அந்தப் பெண் கைப்பிடி வைத்த சின்னத் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடித் தெருவை வேடிக்கை பார்க்கிறாள். கொஞ்ச நேரத்தில் கணவன் புத்தகமும் கையுமாக அவளைக் கவனிக்காமலே கடந்து போகிறான். அவள் அதே தொலைநோக்கியைத் தூக்கி அவனைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். தெருவில் போகிறவனும் கணவனும் ஒரே தூரத்தில்!

8 நிமிஷத்தில் ஒரு வேலையை மூன்று தடவை காட்ட இடம் எங்கே என்று பயப்படாதீர்கள். முதல் தடவை முழுசாக 30 விநாடி: துணி நனைவது, பிழிவது, துடைப்பது, கொடியில் போடுவது. இரண்டாவது தடவை நடுவில் வெட்டிவிடலாம், 8 விநாடி போதும், மீதியைப் பார்ப்பவர் மனசே போட்டுக்கொள்ளும். மூன்றாவது தடவைக்குத்தான் மறுபடி முழு நேரம். சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். துணியைப் பிழியும் சத்தம் முதலில் தெளிவாகக் காதில் விழுந்திருந்தால், கடைசிக் காட்சியில் படம் வருவதற்கு முன்பே அந்தச் சத்தத்தை விடலாம். அங்கே இசை போட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

---

நள்ளிரவுக் காட்சி:

எனக்கு ஒரு முரண்பாடு. ஷீட்டைத் துடைப்பது, ஆளைத் துடைப்பது என்பது கணக்கு மாதிரி நேராக வந்து விழுகிறதே. பெரியவர் = பூஞ்சை பிடித்த ரப்பர் என்று எல்லாருக்கும் புரிந்து, "ஓகோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். எலிப்பத்தாயத்திலேயே எனக்கு அந்தக் குறை உண்டு. தலைப்பே பொறி, ஆள் எலி. ரொம்ப வெளிப்படை.

---

கண்ணாடி ஓடு:

நியாயமான சந்தேகம். ஆனால் எலிப்பத்தாயத்தின் கடைசி ஷாட்டை மறுபடி பாருங்கள். எலிகள் குளத்தில் செத்துப் போகின்றன. உண்ணி சாவதில்லை. நடுங்கிக்கொண்டு எழுந்து வருகிறான். கணக்கு அங்கே உடைகிறது. இவன் இனி என்ன செய்வான், வீட்டுக்குள் திரும்பப் போய்ப் பூட்டிக்கொள்வானா, இப்படித் தண்ணீரில் விழுந்து எழுந்ததில் எதாவது மாறியிருக்குமா? எலிக்கு இந்தக் கேள்வி கிடையாது. ஒப்புமையைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு வந்து, சரியாக முடிக்க வேண்டிய இடத்தில் கைவிடுகிறார். எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அதுதான்.

தம்பியின் கதையிலும் உடையும் இடம் இருக்கிறது. ஷீட் விற்றுப் போய்விடும். அவர் போக முடியாது. அறை காலியாகி அகலமாகும்போது, அதில் நடக்க வேண்டியவரால் நடக்க முடியாது. பார்ப்பவர் "இவர்தான் அந்த ரப்பர்" என்று முடிவு கட்டியிருந்தால் இங்கே கொஞ்சம் தடுமாறுவார். அந்த மனைவியின் முகத்தில் என்ன இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அது தம்பி பாடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலிப்பொறி அடூருக்கு வானத்திலிருந்து விழவில்லை. மருமக்கத்தாயக் குடும்பங்களில் சொத்து பெண் வழியில் வரும், நிர்வாகம் ஆண் கையில் இருக்கும். நிலச்சீர்திருத்தம் வந்து வருமானம் போயிற்று. 1975-ல் கேரளம் சட்டம் போட்டுக் கூட்டுக்குடும்ப முறையையே எடுத்துவிட்டது. உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய ஒருவன் கீழே விரித்திருந்த பாயை உருவிய மாதிரி. படத்தில் சட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் மூத்தவள் வந்து பங்கு கேட்கும்போது உண்ணி முகம் போகிற போக்கைப் பாருங்கள். குமரி மாவட்டமும் 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும்தானே இருந்தது, தம்பி வீட்டுச் சாய்வு நாற்காலிக்கும் அந்தச் சொந்தம் உண்டு. அதற்காக அந்தக் கதையை இரவல் வாங்க வேண்டியதில்லை. உன் பெரியப்பாவின் பாயை உருவியது சந்தை. 200-க்கு மேல் பார்த்தவர், 2016-ல் 100 ரூபாய்ப் பக்கம் இறங்கியதையும் பார்த்தார். இதை வசனத்தில் விளக்காதே. பேப்பரில் வந்த விலையை அவர் பென்சிலால் சுவரில் எழுதி வைத்திருக்கட்டும், பெரிய எண்ணில் தொடங்கிச் சின்ன எண்ணுக்கு இறங்கட்டும். அதைக் குளோசப் எடுக்காதே. அவருக்குப் பின்னால் சும்மா இருந்தால் போதும்.

---

ரப்பர்காட்டுப் பையன்:

அக்கா, எடிட்டர் அண்ணா, ரொம்ப நன்றி. கிளி, கடிகாரம், எலிப்பொறி மூன்றையும் வெட்டிவிட்டேன். ஸ்கிரிப்ட் 11 பக்கத்திலிருந்து 6 பக்கமாகிவிட்டது.

சுவரில் எழுதுகிற விஷயம் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பா நிஜமாகவே காலண்டர் பின்பக்கம் எழுதி வைக்கிறார். சுவருக்குப் பதில் அதையே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு கேள்வி. ஒன்று, அறை முதலில் காலியாக இருந்து பிறகு நிரம்ப வேண்டும். எனக்கு இரண்டு நாள்தான் கேமரா கிடைக்கும். இரண்டு, அவரிடம் கதையைச் சொல்லலாமா?

---

கண்ணாடி ஓடு:

பின்னாலிருந்து முன்னால் எடு. முதல் நாள் அறை நிறைந்திருக்கும் காட்சிகள் எல்லாம். அன்று சாயங்காலம் பாதியை வராந்தாவுக்கு மாற்று, மறுநாள் காலை நடுக்கட்டக் காட்சிகள். பிறகு முழுசும் காலி செய்து தொடக்கக் காட்சியும் கடைசிக் காலி அறையும். நாற்காலிக் கால் இருக்க வேண்டிய இடங்களைத் தரையில் சாக்பீஸால் குறித்து வை, மறக்காமல் அழித்துவிட்டு எடு. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே இடத்திலிருந்து போனில் படம் எடுத்து வைத்துக்கொள். கன்டினியுட்டிக்கு (ஷாட்டுக்கு ஷாட் பொருள் இடம் மாறாமல் பார்ப்பதற்கு) ஆள் தனியாகப் போடு, நீயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே.

பெரியப்பாவிடம் சொல். முழுசும் சொல், பக்கவாதம் உட்பட. அவர் வீடு, அவர் சரக்கு, அவர் காலண்டர். சொல்லாமல் எடுத்து, நாளைக்கு யாராவது யூடியூபில் பார்த்துவிட்டு அவரிடம் போய்ச் சொன்னால் அது அசிங்கம். நடிக்கக் கூப்பிடாதே. ஷீட்டை எப்படி அடுக்க வேண்டும் என்று உன் நடிகருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல். அந்த மாதிரி ஆட்கள் அதற்கு மாட்டேன் என்று சொல்வதில்லை.

---

ரப்பர்காட்டுப் பையன்:

சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "எனக்கு வாதம் வந்தால் உங்க பெரியம்மை துடைப்பாளா என்ன" என்று கேட்டார். பெரியம்மை, அதாவது பெரியம்மா, அடுக்களையிலிருந்து "வெயில்ல கொண்டு போட்டுருவேன்" என்றார். அதை வசனமாக வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

வீடு தருகிறார், ஷீட்டைத் தொடலாம், இடம் மாற்றலாம், துடைக்கலாம். ஆனால் ஒரு கண்டிஷன். விற்கிற காட்சிக்காக ஷீட்டை டெம்போவில் ஏற்றக் கூடாதாம். நடிப்புக்குக்கூட முடியாது என்கிறார். "ஏற்றினால் ஏற்றினதுதான், நீ வேறு வீட்டுச் சரக்கு பார்த்துக்கோ."

---

பழைய எடிட்டர்:

அந்த வசனத்தை வைக்காதீர்கள், பெரியம்மையையே வையுங்கள்.

---

கண்ணாடி ஓடு:

டெம்போவைக் காட்ட வேண்டாம். வெளியே வண்டி நிற்கும் சத்தம், தராசுத் தட்டில் எடை வைக்கும் சத்தம், ஆள் ஒருவன் எண்ணிக்கை சொல்வது, இவ்வளவு போதும். குலசேகரத்தில் ஷீட் எடுக்கும் கடை ஏதாவது ஒன்றில் போய் அரை மணி நேரம் பதிவு செய்துகொண்டு வா. கேமரா உள்ளே பெரியவரோடு இருக்கட்டும். அவர் சரக்கும் வீட்டை விட்டுப் போகாது, உனக்கு ஒரு நாள் வண்டி வாடகையும் மிச்சம்.